பெயர் சொல்லாமல் அடித்த பந்து

சங்குமால் என்று ஒரு நாடு இருக்கிறது. உலகப் படத்தில் தேடினால் ஈ எச்சம் என்று நினைத்து நகத்தால் சுரண்டிவிடுவீர்கள், அவ்வளவுதான் அதன் அளவு. ஆனால் அதற்குத் தனிக் கொடி உண்டு, தனித் தபால்தலை உண்டு, முந்நூறு வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சங்கு குளிக்கப் போய், காற்று மாறாததால் அங்கேயே அடுப்பு மூட்டிக்கொண்டவர்களின் தமிழ் உண்டு, எட்டு அணிகள் ஆடும் ஒரு கால்பந்து லீக்கும் உண்டு. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கப்பல் வேலைக்குப் போய்விடுவதால் மூன்று தலைமுறையாக அந்த லீக்கைப் பெண்கள்தான் ஆடுகிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது அதைப் பெண்கள் லீக் என்று சொன்னால் சங்குமால்காரர்கள் விழிப்பார்கள், அவர்களுக்கு லீக் என்றால் அது ஒன்றுதான்.

ஒரு வருடம் நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, லீக்கின் முதல் ஆட்டத்தில், நாட்டில் இருக்கிற ஒரே மைதானத்தில், துறைமுக அணியும் சிப்பித்துறை அணியும் மோதின. முடியப்போகிற நேரத்தில் துறைமுகம் ஒரு கோல் முன்னால் இருந்தது. சிப்பித்துறையின் ஸ்டாப்பர் மெற்றில்டா, ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவள், முப்பது வயதுக்காரி, பதினாலு வருடமாக கோல்கீப்பருக்கு முன்னால் தூண் மாதிரி நிற்கிறவள், பாய்ந்து வந்த துறைமுகத்துக் கொர்னேலியாவின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மேலே அடித்தாள். பந்து போனது. கொடிமரத்தைத் தாண்டிப் போனது, மாதா கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போனது, கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொக்குக் கூட்டத்தைத் தாண்டிப் போனது, எலுமிச்சம்பழ அளவுக்குச் சிறுத்து, சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்து, மிளகு அளவுக்கு வந்ததும் அங்கேயே நின்றுகொண்டது.

நடுவர் தஸ்நேவிஸ் மச்சாது கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது. விசிலை வாயில் வைத்தார், ஆனால் ஊதவில்லை, ஏனென்றால் பந்து ஆகாயத்தில் இருக்கும்போது கடைசி விசில் ஊதக்கூடாது என்பது சங்குமாலில் உள்ள வழக்கம். ஆள் கடலில் இருக்கும்போது வீட்டு வாசலைப் பூட்டலாமா என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு மச்சாது எடை முத்திரை அலுவலகத்து இன்ஸ்பெக்டர், தராசுத் தட்டு ஆடி ஓயும்முன் எடை சொல்கிற மீன்காரிகளைச் சந்தை முழுக்க விரட்டுகிறவர். எனவே அவர் காத்திருந்தார், இருபத்திரண்டு பேரும் காத்திருந்தார்கள், பார்க்க வந்த நாலாயிரம் பேரும் அண்ணாந்தபடி காத்திருந்தார்கள், கடலைப் பொட்டலம் காலியாகி, வெளிச்சம் மங்கி, ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் ஆனபோது மச்சாது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாளைக்கு ஐந்து மணிக்கு ஜெர்சியோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மறுநாளும் பந்து வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் லீக் சங்கம் கூடியது. சங்கத் தலைவி புளோரம்மாள் பேக்கரி வைத்திருப்பவள், எந்த மாவையும் பிசைந்தால் வழிக்கு வரும் என்று நம்புகிறவள். அவள் முடிவாகச் சொன்னது இது: மேலே இருக்கிற ஆட்டம் மேலே இருக்கட்டும், மற்ற ஆட்டங்கள் வேறு பந்தை வைத்து அதே மைதானத்தில் நடக்கட்டும். ஆனால் மேலே உள்ள பந்துதான் மூத்தது, அது இறங்கி வந்தால் கீழே எந்த ஆட்டம் நடந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த இருபத்திரண்டு பேரும் தினமும் மாலை ஐந்திலிருந்து அரை மணி நேரம் அவரவர் நின்ற இடத்தில் வந்து நிற்க வேண்டும். அப்படியே நின்றார்கள். துறைமுகத்து கோல்கீப்பர் நின்றபடியே பூண்டு உரித்தாள், சிப்பித்துறையின் இடதுபக்கக்காரி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், மச்சாது கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமல் திரிந்தார். மீன் சந்தைச் சுவரில் எழுதுகிற லீக் அட்டவணையில் இரண்டு அணிகளுக்கு எதிரே மட்டும் ஓர் ஆட்டம் பென்சிலில் எழுதப்பட்டிருந்தது.

பந்துக்கு ஒரு நிழலும் இருந்தது. வெயில் ஏறின பிறகு, பெரிய தேங்காய் அளவுக்கு, ஊரின் மேற்கிலிருந்து கிழக்கே மெதுவாக நகர்ந்து போகும். காலை ஒன்பதுக்குக் கருவாட்டுக் களத்தில் இருக்கும், பத்தரைக்குப் பள்ளிக்கூடத்து ஓட்டில் ஏறும், பன்னிரண்டுக்கு மைதானத்தின் நடுவட்டத்தில் வந்து உட்காரும், நாலு மணிக்குச் சிறைச்சாலைச் சுவரைத் தாண்டும். ஊர்க்காரர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு நிழலைப் பார்த்து உலை வைக்கப் பழகினார்கள். பூனைகள் அதைத் துரத்தின. பிள்ளைத்தாய்ச்சிகள் அது தங்கள் வயிற்றின் மேல் போகிற மாதிரி கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுத்தார்கள், அதனால் என்ன பலன் என்று சங்கத்தைக் கேட்டதற்கு, சங்கம் இதுவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுத்துமூலம் பதில் கொடுத்தது.

இதில் மாட்டிக்கொண்டவள் மெற்றில்டாதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் அவளுக்கு விசா வந்திருந்தது. அவள் கணவன் ஏழு வருடமாகப் பனி கொட்டுகிற ஏதோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் போனவன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து, கூரை மாற்றி, கிணறு தூர்வாரி, எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவான். நல்லவன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் எழுதிப் போட்டு எழுதிப் போட்டுக் கடைசியில் மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. காலைப் பூசை முடிந்து வரும் வழியில் அறுபது பேராவது மெற்றில்டாவின் கையைப் பிடித்து, கொடுத்து வைத்தவள் என்று சொன்னார்கள், அறுபது பேரிடமும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் மைதானத்துக்குப் போயிருந்தாள்.

விசா ஏப்ரல் பதினைந்து வரைதான். அதற்குள் போகவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து ஏழு வருடம். ஆனால் குடிபெயர்வு அலுவலகத்தில் முத்திரை குத்த மறுத்துவிட்டார்கள். நடந்துகொண்டிருக்கிற ஆட்டத்தில் உள்ள ஆட்டக்காரி நடுவரைக் கேட்காமல் எல்லைக்கோட்டைத் தாண்டக்கூடாது, கடல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கிறது, மச்சாது சட்டப்படி நடக்கிற ஆள், அவரும் விடமாட்டார் என்றார்கள். ஊருக்கு இதைக் கேட்டு மனசு தாங்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேரட்டும் என்று ஊரே பந்தை இறக்கும் வேலையில் இறங்கியது. பட்டம் விட்டார்கள். கொட்டடித்தார்கள். மாதாவை மைதானத்தைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். வாரம் ஒருமுறை வருகிற விமானத்தின் பைலட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள், அவர் பார்த்துவிட்டு, பந்து நன்றாகத்தான் இருக்கிறது, மெல்லச் சுழல்கிறது, காற்று இறங்கவில்லை என்று வந்து சொன்னார்.

நவம்பர் கடைசியில் கொர்னேலியா சங்கத்துக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை, தினமும் அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும். சங்குமாலில் காற்று பேய்க் காற்று. உயரப் பந்தை அடிக்கிறவள் அது யாருக்கு என்று பேர் சொல்லிக் கத்தியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேர் அண்ணாந்து ஓடி முட்டிக்கொண்டு பல்லை உடைத்துக்கொள்வார்கள். நடை பழகும்போதே அங்கே பிள்ளைகள் இதைப் பழகிவிடும். கொர்னேலியா எழுதியிருந்தது என்னவென்றால், அன்றைக்கு நான் மெற்றில்டா அக்காவுக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தேன், அக்கா வாயைத் திறந்தாள், ஆனால் யார் பேரையும் சொல்லவில்லை.

சங்கம் மெற்றில்டாவைக் கூப்பிட்டு விசாரித்தது. புளோரம்மாள் அவளுக்குப் பன்னும் டீயும் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"யாருக்குட்டி அடிச்ச?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா எப்படி? காலு அடிச்சிருக்கு, மனசுல ஒரு ஆளு இருந்திருக்கும்லா?"

மெற்றில்டா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். வாயைத் திறந்தது ஞாபகம் இருந்தது. வலதுபக்கம் ஒருத்தி கை தூக்கியது, நடுவில் ஒருத்தி ஓடியது, எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த நேரத்தில் எந்தப் பெயரும் நாக்கில் வரவில்லை, அதுவும் ஞாபகம் இருந்தது. ஏன் வரவில்லை என்றுதான் அவளுக்கே விளங்கவில்லை.

விலாசம் எழுதாத தபால் எப்படிப் போய்ச் சேரும் என்று புளோரம்மாள் கேட்டாள், சங்கமும் அதை ஒத்துக்கொண்டது. அடித்தவள் குரலிலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், சரியான பெயர் வந்தால் பந்து இறங்கிவிடும். முதல் நாள் சிப்பித்துறை அணியின் மற்ற பதினைந்து பேரையும் கூப்பிட்டாள். பந்து அசையவில்லை. இரண்டாம் நாள் லீக்கில் ஆடுகிற மற்ற எல்லோரையும் கூப்பிட்டாள். அசையவில்லை. மூன்றாம் நாள் புளோரம்மாள் வாக்காளர் பட்டியலைக் கொண்டுவந்து மெற்றில்டாவின் கையில் கொடுத்தாள். பதினெட்டாயிரம் பெயர், ஒரு நாளைக்கு நூற்றைம்பது, அகர வரிசையில்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு மெற்றில்டா, தான் பந்தை அடித்த அதே இடத்தில் நின்று, ஜெர்சி போட்டு, ஒரு கையில் பட்டியலும் ஒரு கையை வாய்க்குப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்து, அக்னேஸுக்கு, அடைக்கலத்துக்கு, அந்தோனிப்பிச்சைக்கு, அமலோற்பவத்துக்கு என்று கத்தினாள். வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ கப்பல்களில் இருந்த சங்குமால் ஆண்கள் போனைக் காதில் வைத்துக் கேட்டார்கள். நாளைக்கு யார் யார் பெயர் என்று மீன் சந்தைச் சுவரில் முந்தின நாளே ஒட்டிவிடுவார்கள். பெயர் வருகிறவர்கள் தலை குளித்து, பெட்டியில் வைத்த சேலையை எடுத்துக் கட்டி, குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், பெயர் முடிந்ததும் கொஞ்சம் ஏமாற்றத்தோடும் கொஞ்சம் பெருமையோடும் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தார்கள். நாற்பது வருடமாக ராயப்பன் பெண்டாட்டி என்று மட்டுமே எல்லோருக்கும் தெரிந்த ஒரு அம்மாள் தன் பெயர் கித்தேரியா என்று ஆகாயத்தில் ஒலித்தபோது எழுந்து நின்று கும்பிட்டாள். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு சூசைகள், ஒரே பெயர் என்பதால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டிவந்து, பேசிவிட்டார்கள். தன் பெயருக்குப் பந்து ஒரு விரற்கடை இறங்கியது, நான் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்கள் வாரத்துக்கு நாலு பேர் இருந்தார்கள்.

கீழே லீக்கும் தன்பாட்டுக்கு நடந்தது. கிறிஸ்துமஸுக்கு மணற்காடு அணி முன்னால் இருந்தது, தைப் பொங்கலுக்குத் துறைமுகம் எட்டிப் பிடித்தது, சிப்பித்துறை வழக்கம்போல் நடுவிலும் இல்லாமல் கடைசியிலும் இல்லாமல் தவித்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த வருடம் ஜனங்கள் ஆட்டத்துக்கு வந்தது பெயர்களைக் கேட்கத்தான்.

மெற்றில்டாவுக்குத் தொண்டை கட்டியது, கஷாயம் குடித்தாள், மறுபடி கத்தினாள். கூப்பிடக் கூப்பிட அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் ஐஸ் மெஷினை ஓட்டும்போது சாயங்காலத்துப் பெயர்களை முணுமுணுத்துப் பார்ப்பாள், யார் வீடு எது, யாருக்கு எந்தக் கால் ஊனம், யார் ஜன்னலில் எந்த நிறத்துத் துணி தொங்கும் என்று எல்லாம் வரும். ஒவ்வொரு பெயரையும் மேலே அனுப்பிவிட்டு அந்த மிளகைப் பார்ப்பாள். வந்துவிடுமோ என்று பயம் பிடிக்கும், வரவில்லை என்றதும் பயம் விலகும். இது சரியில்லையே, வரவேண்டும் என்றுதானே நான் கத்துகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மாசி மாதம் பட்டியல் பகரத்துக்கு வந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, மெற்றில்டாவின் கணவன் பெயர் பெலவேந்திரன். கப்பல்காரர்கள் எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் திரும்பி வருகிறவர்கள் என்ற கணக்கில் அவர்கள் பெயர் பட்டியலில் உண்டு. சங்குமாலில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவிய, இவிய, எங்க வீட்டுல என்பதோடு சரி, ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளை இடித்துச் சொல்லச் சொல்வார்கள். வேறு யாராவது கூப்பிடட்டுமே என்றாள் புளோரம்மாள். அடித்தவள் குரல்தான் ஆகும் என்று கொர்னேலியா ஒற்றைக் காலில் நின்றாள். ஃபாதர் இந்த ஒரு தடவைக்குப் பாவமில்லை என்று சொன்னார். எல்லோரையும்விட அதிக ஆசையோடு இருந்தவள் மெற்றில்டாவின் மாமியார் செபஸ்தியம்மாள்தான், பெலவேந்திரனைப் பெற்றவள். பந்து தன் மகனுக்குத்தான் என்பதில் அவளுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இல்லை, வெட்கப்பட்டுக்கொண்டு பெயரை முழுங்கிவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் அப்படித்தான் நம்பியது. இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்தி வந்தது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால்தானே வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு மைதானத்தில் எள் போட இடமில்லை. செபஸ்தியம்மாள் மகனுடைய கல்யாணப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மெற்றில்டா பெர்னாதெத்துக்கு என்றாள், பெரியநாயகத்துக்கு என்றாள், பிறகு பட்டியலைத் தாழ்த்தினாள். தொண்டையைச் செருமினாள்.

"பெலவேந்திரனுக்கு!"

நல்ல சுத்தமான குரலில், எட்டூருக்குக் கேட்கிற மாதிரித்தான் கூப்பிட்டாள். பந்து அசையவில்லை. மச்சாது விசிலை வாயில் வைத்தபடி இரண்டு நிமிடம் பார்த்தார். இன்னொரு தடவை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள், அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். கொக்குகள் கூட்டுக்குப் போயின. பந்து அங்கேயே இருந்தது. அந்த நாலாயிரம் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். தங்களுக்குத் தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்ட மாதிரி அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

செபஸ்தியம்மாள் வீடு வந்து சேர்ந்ததும் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு, "ஏட்டி, எம் மவன் மேல ஒனக்கு என்ன கொற?" என்று கேட்டாள்.

"கொறையே இல்ல அத்த. அவியளப் போல ஆளு கெடைக்காது."

"பெறவு என்னட்டி?"

மெற்றில்டா குனிந்து அடுப்பை ஊதினாள். அவமானமாக இருந்தது, அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதற்கெல்லாம் அடியில், வெளியே சொன்னால் யாரும் மன்னிக்கமாட்டார்கள், அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் பந்தைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை. ஆனால் அவள் வேலையை நிறுத்தவில்லை, பெயர் வராதவர்கள் மீதி இருக்கிறார்களே. பங்குனியில் மகரம் வந்தது. மெர்சிகள் ஏழு பேர் முடிந்து மெலானிகள் மூன்று பேர் முடிந்ததும் அடுத்து மேரி என்று இருந்தது. மேரிகள் அறுநூறு பேர், நாலு நாள் ஆகும். மெற்றில்டா வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். மெலானிக்கும் மேரிக்கும் நடுவில் தன் பெயர் வரவேண்டும். தாளைத் திருப்பிப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாவால் விரலை நனைத்துப் பிரித்துப் பார்த்தாள். இல்லை.

மறுநாள் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நேரே தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த கிளார்க் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். குடும்ப விசா வந்துவிட்டால் அன்றைக்கே பெயரை எடுத்துவிடுவார்களாம். கப்பல்காரர்கள் வருகிறவர்கள் கணக்கு, விசாக்காரர்கள் போனவர்கள் கணக்கு.

"நான் போகலியே அண்ணாச்சி. உங்க முன்னாலதான நிக்கேன்."

"போறதாத்தான தங்கச்சி எல்லாரும் சொன்னாவ," என்றார் அவர். "நீங்களும் ஒண்ணும் சொல்லல."

அதுவும் வாஸ்தவம்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது பேரிடம் சிரித்தாள், அவ்வளவுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் எழுதிப் போடட்டுமா என்று கணவன் கேட்டபோது உங்க இஷ்டம் என்றாள், பதினாறு வயதில் எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டபோது எங்கே ஆள் இல்லையோ அங்கே என்றாள், அதனால்தான் ஸ்டாப்பர் ஆனாள். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில், அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை, தன்னைப் பற்றியே ஒரு ஆச்சரியம் வந்தது.

ஏப்ரல் பதிமூன்றாம் தேதி பட்டியல் முடிந்தது. கடைசிப் பெயர் ஹென்றியேட்டா, ஜன்னல் கண்ணாடி போடுகிறவள், தலை குளித்து வந்திருந்தாள், அவளுக்கும் பந்து இறங்கவில்லை. லீக்கின் மற்ற ஆட்டங்களும் முடிந்துவிட்டிருந்தன. மணற்காடும் துறைமுகமும் சமமாக நின்றன, மேலே தொங்குகிற ஆட்டத்தில் துறைமுகம் ஜெயித்தால் கோப்பை துறைமுகத்துக்கு, இல்லாவிட்டால் கோல் கணக்கில் மணற்காட்டுக்கு. விசாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவளை ஏற்றிப்போகிற கப்பல் துறையில் நின்றது. சிப்பித்துறைக்காரிகள் மெற்றில்டாவின் காதில், பந்து வராவிட்டால் நமக்குத் தோல்வியில்லை, பேசாமல் இரு என்று சொன்னார்கள். செபஸ்தியம்மாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

பதினாலாம் தேதி, சித்திரை ஒன்று, ஐந்து மணிக்கு வழக்கம்போல் இருபத்திரண்டு பேரும் வந்து நின்றார்கள். மச்சாது மெற்றில்டாவிடம் வந்தார்.

"பட்டியல் முடிஞ்சுபோச்சே மக்ளே. கூப்பிட ஆளு பாக்கி இல்ல. என்ன செய்ய?"

"ஒருத்தி பாக்கி இருக்கா அண்ணே," என்றாள் மெற்றில்டா.

அவள் கையில் தாள் எதுவும் இல்லை. அண்ணாந்து பார்த்தாள். முன்னால் ஆடுகிறவர்கள், தாங்களே அடித்துவிட்டுத் தாங்களே துரத்துகிற கொழுப்புப் பிடித்த சிறுபெண்கள், எப்போதாவது ஒரு வார்த்தை கூப்பிடுவதுண்டு. ஸ்டாப்பர்கள் அதைக் கூப்பிடுவதில்லை, ஸ்டாப்பர் அடிப்பது எப்போதும் இன்னொருத்திக்குத்தான். பதினாலு வருடத்தில் மெற்றில்டா அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டாள்.

"எனக்கு!"

முதலில் சிறைச்சாலைப் பக்கம் கிடந்த நிழல்தான் மைதானத்தை நோக்கி அசைந்தது. பிறகு மிளகு சுண்டைக்காய் ஆனது, சுண்டைக்காய் எலுமிச்சம்பழம் ஆனது, ஐந்தரை மாதத்து வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் கொக்கு எச்சத்தோடு, விசிலைவிட மெல்லிய ஒரு சத்தத்தோடு பந்து இறங்கி வந்தது. இருபத்தொரு பேரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள், கொர்னேலியாகூட ஒதுங்கினாள். மெற்றில்டா நெஞ்சில் வாங்கினாள். அது தொடைக்கு இறங்கியது. மறுபடி மேலே அடித்துவிடு என்று அவள் அணிக்காரிகள் கத்துவது கேட்டது, அடித்திருந்தால் இன்னொரு வருடம்கூட ஓட்டியிருக்கலாம். அவள் பந்தைத் தரையில் இறங்கவிட்டு, அதன்மேல் காலை வைத்து நின்றாள். நெஞ்சில் பந்து பட்ட இடம் சில்லென்று இருந்தது.

மச்சாது விசில் ஊதினார். சிப்பித்துறை தோற்றது, துறைமுகத்துக்குக் கோப்பை கிடைத்தது, மைதானத்தில் யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று தெரியாத குழப்பத்தில் மெற்றில்டாவின் அணிக்காரிகள் அவளோடு சண்டை போடவும் மறந்துபோனார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது பெட்டி வாசலில் இல்லை. செபஸ்தியம்மாள் அதை உள்ளே இழுத்துப்போட்டு, கட்டை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமல், போன் அடிச்சிக்கிட்டே இருக்கு, எடு என்றாள்.

அவன்தான். வானொலியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பின்னால் கிரேன் சத்தமும் காற்றுச் சத்தமும் கேட்டன. நாளைக்குக் கப்பல், என்று அவள் தொடங்கினாள்.

"மாசி மாசம் எம் பேரக் கூப்பிட்டியே," என்றான் அவன். "பந்து அசையலன்னு இங்க உள்ள பயலுவ எல்லாம் எங்கிட்ட வந்து துக்கம் விசாரிச்சானுவ. எனக்கும் வருத்தந்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒன் வாயால எம் பேர அன்னைக்குத்தான் கேட்டேன். நல்லா இருந்துச்சு மெற்றி. அத போன்ல பிடிச்சு வச்சிருக்கேன். இன்னொருக்க சொல்லேன்."

மெற்றில்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். செபஸ்தியம்மாள் கையில் ஒரு சேலையை மடித்தபடி அப்படியே நின்றாள்.

"பெலவேந்திரன்," என்றாள் மெற்றில்டா. "நான் வரல."